ஆற்றுக்கு ஒரு மூடி

பெயர்: கொடிகார ஆரச்சிகே பியுமால் கொடிகார. வயது: 24. தொழில்: பல்கலைக்கழக மாணவன், பொறியியல் பீடம், இறுதி ஆண்டு. நிரந்தர முகவரி: விகாரை வீதி, நிக்கவெரட்டிய. தற்போது தங்கியிருப்பது: பல்கலைக்கழக ஆண்கள் விடுதி.

மேற்படி நான் யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து, சார்ஜன்ட் அவர்கள் முன்னிலையில் சொல்வதாவது.

என் நண்பன் அகில தென்னகோன் சாராயம் குடித்து மயங்கி, ஆற்றில் விழுந்து, பெரியாஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட சம்பவம் பற்றி நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் நாங்கள் ஐந்து பேரும் ஒரே அளவாகக் குடித்தோம் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தப் பொய்யினால் எங்கள் கூட்டாளி துலாஜ் விக்கிரமரத்ன இப்போது விளக்கமறியலில் இருக்கிறான். அகிலவைப் பிடித்து வைத்துப் பலவந்தமாகச் சாராயம் பருக்கினான் என்பதுதான் அவன் மேலுள்ள குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை வழக்கு நீதவான் முன் வருகிறது. பகிடிவதை, அதாவது ராகிங், சட்டத்தில் போட்டுவிட்டால் பிணை எடுப்பதும் கஷ்டம், பட்டமும் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே இந்த இரண்டாவது வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், துலாஜ், அகில, நவோத், கவீஷ. முதல் வருடம் முதல் ஒரே விடுதி. நவோத்துக்குப் பீப்பாய் என்று பட்டப்பெயர். எவ்வளவு ஊற்றினாலும் அசையமாட்டான் என்று பீடம் முழுக்கப் பேச்சு. அகிலவுக்குக் கொக்கு. நெடுநெடுவென்று வளர்ந்து, தலையைக் குனிந்தபடி, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடப்பான். பிபிலைக்கு அப்பால், காடு வெட்டிச் சோளம் போடும் சேனையும் யானையும் உள்ள ஊர். ஆங்கிலத்தில் விரிவுரை தொடங்கினால் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். கேள்வி கேட்டால் எழும்புவான், வாய் திறப்பான், சத்தம் வராது. முதல் மாதம் முழுக்கச் சாப்பாட்டு மண்டபத்தில் தனியாகத்தான் சாப்பிட்டான். பட்டப்பெயர் வைத்த அன்று அவனுக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். "என்னடா, கொக்குன்னு சொல்றோம், சிரிக்கிற?" என்று துலாஜ் கேட்டான். "பேர் வச்சா கூட்டத்துல சேர்த்துக்கிட்டீங்கன்னுதானே மச்சான் அர்த்தம்?" என்றான்.

அதன் பின்னர், முதல் வருடத்தின் ஒரு சனிக்கிழமை, மேல் வகுப்பு அண்ணன்மார் எங்களை மகாவலிக் கரையிலுள்ள தட்டைக்கல்லுக்குக் கூட்டிப் போனார்கள். விடுதிக்குப் பின்னால் இறங்கினால் மூங்கில் கூட்டம், அதைத் தாண்டினால் அந்தக் கல். பத்துப் பேர் படுக்கலாம். மத்தியான வெயிலில் முதுகுக்குச் சூடு, காலைத் தொங்கவிட்டால் தண்ணீர் குளிர். இதை நான் ஏன் சொல்கிறேன் என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டார்கள். அந்தக் கல்லைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான். இப்போதும் கண்ணை மூடினால் மாங்காய்க்கு மிளகாய்த்தூளும் உப்பும் பிசைகிற வாசம்தான் வருகிறது.

அன்று ஒரு அண்ணன் போத்தலைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஆற்றில் விட்டார். முதல் மூடி ஆற்றுக்கு. பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பை. அந்தக் கல்லுக்கு ஒரு சட்டம் இருந்தது. குடித்து முடித்தவன் கோப்பையைக் கல்லில் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாக் கோப்பையும் கவிழ்ந்த பிறகுதான் அடுத்த சுற்று. ஒருவன் கவிழ்க்காவிட்டால் மற்ற எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் கையைப் பிடித்து முறுக்கவில்லை. பார்ப்பார்கள், அவ்வளவுதான். "குடிக்காட்டி பரவால்ல தம்பி, விடுதிக்குப் போய்ப் பால் குடிச்சிட்டுப் படு," என்று ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குடித்தேன். மூங்கில் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அதன் பின்னர் இன்றுவரை நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

கொக்கும் அன்றுதான் முதல் தடவையாகக் குடித்தான். கோப்பையைக் கவிழ்த்தான். பிறகு யாரும் கேட்காமலே பாடினான். அவன் ஊரில் யானை வராமல் சேனை காக்கிறவர்கள் மரத்தின் மேல் பரண் கட்டி, ஒரு பரணிலிருந்து மறு பரணுக்குப் பாடுவார்களாம். அந்தப் பாட்டு. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாடினான். ஆற்றின் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எங்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்த அண்ணன்மார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அதன் பின்னர் யாரும் அவனைப் பகிடிவதை செய்யவில்லை.

தொண்டையைத் திறந்தது அந்தக் கோப்பைதான் என்று கொக்கு நம்பினான். நாங்களும் அப்படியே நம்பினோம். சின்ன வயதிலிருந்து யானைக்குப் பாடிய தொண்டை அது என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. வகுப்பில் முதல் தடவை எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டிய நாளில் அவன் தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் கொண்டுபோனான். நன்றாகவே பேசினான். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. பரீட்சை என்றால் கொஞ்சம், வீட்டிலிருந்து அப்பா பேசினால் கொஞ்சம், பெறுபேறு போட்டால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் கொஞ்சம். தட்டைக்கல்லில் மட்டும் நிறைய. ஏனென்றால் அங்கே நாங்கள் இருந்தோம்.

சார்ஜன்ட் அவர்கள் "விஷயத்துக்கு வாங்க தம்பி" என்று சொன்னபடியால் சம்பவ நாளுக்கு வருகிறேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானமே நாங்கள் ஐந்து பேரும் தட்டைக்கல்லுக்கு இறங்கினோம். கொக்கு இரவு தூங்கவில்லை, காலையில் சாப்பிடவுமில்லை, சாயத்தண்ணி என்கிற வெறும் தேநீர் மட்டும் குடித்திருந்தான். கவீஷ மூன்று போத்தல் சாராயம் வாங்கி வந்திருந்தான். நான் மாங்காயும் அவித்த கடலையும் பொரித்த நெத்தலியும் கொண்டுபோனேன். எப்போதும் நான்தான் குடிக்கும்போது கொறிக்கிற பைட் கொண்டுபோகிறவன், அதில் பெரும்பங்கைச் சாப்பிடுகிறவனும் நான்தான். கல் இடுக்கில் ஒளித்து வைத்திருந்த எங்கள் கோப்பைகளை எடுத்தோம். கொக்குவுடையது பச்சை. துலாஜ் முதல் மூடியை ஆற்றில் விட்டு, "ஆத்தா, இது உனக்கு, எங்க நாலாம் வருஷ விடைத்தாளையும் நீயே திருத்திடு," என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பின்னர் துலாஜ் ஐந்து கோப்பைக்கும் விரல் வைத்து ஒரே அளவாக ஊற்றினான். எப்போதும் அவன்தான் ஊற்றுவான், எப்போதும் ஒரே அளவுதான். சுற்றுக்கொரு பாட்டாகக் கொக்கு பாடப் பாட, கோப்பைகள் வேகமாகக் கவிழ்ந்தன. கடைசி நாள் என்பதால் எல்லோருக்கும் பாசம் பொங்கியது. நவோத் தன் கோப்பையில் பாதியைக் கொக்குவின் பச்சைக் கோப்பையில் ஊற்றி, "இது என் பங்குடா, உனக்குத் தர்றேன், வேற யாருக்கும் தரமாட்டேன்," என்றான். கொக்கு எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தான். அதைப் பார்த்து கவீஷவும் கொடுத்தான். நானும் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. "இவ்வளவு பாசத்த எங்கடா நாலு வருஷமா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டான்.

பிறகு நாங்கள் மறுபடி பாடச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு பரண் பாட்டைத் தொடங்கினான். வழக்கமாக நான்காவது அடியில் குரலை மேலே தூக்குவான். அன்று மூன்றாவது அடியில் நின்றுவிட்டது. கண் திறக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தோம். "விடுடா, பரீட்சைக் களைப்பு," என்றான் கவீஷ. அடுத்து அவன் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, கல்லிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போனது. துலாஜ்தான் குதித்தான். துலாஜ்தான் தூக்கினான், வாயில் விரல் விட்டு அடைத்திருந்ததை எடுத்தான், தோளில் போட்டுக்கொண்டு மூங்கிலுக்குள்ளால் மேலே ஓடி முச்சக்கர வண்டி பிடித்தான். அவன் இல்லாவிட்டால் அகில அன்றே முடிந்திருப்பான். இதைத் தயவுசெய்து தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களைப் பார்த்து, ஆளுக்கு எவ்வளவு குடித்தீர்கள், சாராயத்தில் ஏதாவது கலப்படமா, சீக்கிரம் சொல்லுங்கள் என்று கேட்டார். நவோத் மார்பை நிமிர்த்தி, "எல்லாரும் ஒரே அளவுதான் டொக்டர், எங்களுக்கு ஒண்ணும் ஆகலயே," என்றான். நாங்கள் மூன்று பேரும் ஆமாம் என்றோம். ஆஸ்பத்திரிப் பொலிஸ் பிரிவில் எழுதிக்கொடுத்ததும் அதைத்தான். ஒருவன் சாகக் கிடக்கிறான், அந்த நேரத்திலும் நாங்கள் குடிக்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வேறு ஊரில் பையன்கள் குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று பொய் சொல்வார்கள். நாங்கள் குடிக்காமலேயே குடித்தோம் என்று கையொப்பம் வைத்தோம்.

அதன் பின்னர் சார்ஜன்ட் அவர்கள் வந்து எங்களை வரிசையாக நிறுத்தி, குடித்திருக்கிறோமா என்று பார்க்கப் பலூன் ஊதச் சொன்னார்கள். முதலில் நவோத். நிறம் மாறவில்லை. சார்ஜன்ட் பலூனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய பீப்பாய்னு சொன்னாங்க, காத்துதான் வருது," என்றார்கள். பலூன் பழுது என்று நினைத்து வேறொன்று எடுத்தார்கள். கவீஷ ஊதினான். இல்லை. நான் ஊதினேன். இல்லை. நான் நவோத்தைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். கடைசியாகத் துலாஜ் ஊதினான். அதிலும் இல்லை. அந்த நிமிடம் வரை, தட்டைக்கல்லில் குடிக்காதவன் நான் ஒருவன் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். மற்ற மூவரும் அவரவரைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தார்கள்.

சார்ஜன்ட் அவர்கள் அப்போது சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மூணு போத்தல் காலி. நாலு பேர் வாயில பச்சத்தண்ணி. ஒருத்தன் உள்ள செத்துப் பிழைக்கிறான். யாருடா ஊத்தினது?" துலாஜ் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சேர் ஊத்தினேன்," என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூவரும் விலகி வழிவிட்டோம்.

அன்று மாலை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து மூவரும் பேசினோம். தான் வலிப்பு வராமலிருக்க மாத்திரை போடுகிறவன், குடித்தால் ஆபத்து, அதை யாருக்கும் சொல்லவில்லை என்று நவோத் சொன்னான். "பீப்பாய்னு பேர் வச்சுட்டீங்க, பிறகு எப்படிடா சொல்றது? கால்சட்டை நனைஞ்சு நனைஞ்சு நாலு வருஷம் ஓட்டிட்டேன்," என்றான். முழங்காலுக்கு நடுவே கல் இடுக்கில் ஊற்றிவிடுவானாம். கவீஷ மூத்திரம் பெய்யப் போகும்போது கோப்பையையும் எடுத்துப் போவான். அதை நாங்கள் அவனுடைய பேராசை என்று கிண்டல் செய்திருக்கிறோம். அவன் அப்பா குடித்து அம்மாவை அடிக்கிறவர். துலாஜ் எப்படி என்று எங்களுக்குத் தெரியாது, ஊற்றுகிறவனின் கோப்பையை யாரும் கவனிப்பதில்லை. நான் காலைத் தண்ணீரில் விட்டு, கெண்டைக்கால் ஓரமாகக் கோப்பையைச் சரித்துவிடுவேன்.

எல்லோரும் எப்போது ஊற்றினோம் என்று பேசிப் பார்த்தபோது விடை ஒன்றாகவே வந்தது. கொக்கு கண்ணை மூடிப் பாடும்போது. ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பாட்டில் உருகிப்போய் அப்படித் திரும்பியிருக்கிறார்கள் என்று மற்றவர்களைப் பற்றி நினைத்துக்கொள்வோம். உருகியதும் உண்மைதான். அதை இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

பாட்டு முடிந்து அவன் கண் திறக்கும்போது நான்கு கோப்பைகள் கவிழ்ந்திருக்கும். அவன் கோப்பை மட்டும் நிமிர்ந்திருக்கும். நாங்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருப்போம். அவன் வெட்கப்பட்டு, ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்ப்பான். நான்கு வருடமும் அவன் எங்கள் வேகத்தைப் பிடிக்கப் பார்த்தான். எங்கள் கோப்பைகளைக் குடித்தது ஆறு. அவன் போட்டி போட்டது ஆற்றோடு.

இதைக் கேட்டு சார்ஜன்ட் அவர்கள் பேனாவை மேசையில் வைத்தார்கள். பிறகு, "குடிக்காதவங்க நாலு பேர் சேர்ந்து ஒருத்தன குடிகாரனாக்கினீங்கன்னு எழுதவா?" என்று கேட்டார்கள். அப்படி எழுதவேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் துலாஜ் அகிலவின் கையைப் பிடிக்கவில்லை, வாயைப் பிளக்கவில்லை, அதட்டவில்லை. மற்ற எல்லோருக்கும் ஊற்றிய அதே அளவைத்தான் அவனுக்கும் ஊற்றினான். அதற்கு மேல் அவன் கோப்பையில் விழுந்தது நாங்கள் மூவரும் பாசம் என்ற பெயரில் தள்ளிவிட்டது. அதற்குத் தண்டனை உண்டென்றால் அது எங்கள் மூவருக்கும் உரியது.

நேற்று அகிலவுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. இன்று காலை அவன் அம்மா கட்டில் ஓரத்தில் இருந்து சோளக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் போனதும், "பேசுங்க மகன்," என்று எனக்கு இடம்விட்டு வெளியே போனார். என்னைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "துலாஜ் எங்கடா?" என்பதுதான். சொன்னேன். எழும்பப் பார்த்தான், கையில் ஏற்றியிருந்த குழாய் இழுத்தது. "யாரும் என்ன பலவந்தப்படுத்தலன்னு போய்ச் சொல்லுடா. நானா குடிச்சேன்," என்றான். டொக்டர் அனுமதித்ததும் அவனே வாக்குமூலம் கொடுப்பான்.

அதன் பின்னர் நான் பலூன் கதையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இனியும் ஒன்றை அவனிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பீப்பாயின் நனைந்த கால்சட்டையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி, அதுதான் எப்பவும் ஈரமா இருந்துச்சா!" என்றான். கவீஷவைச் சொன்னபோதும் சிரித்தான். என்னைச் சொன்னேன். துலாஜையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல நின்றது. விரல் விட்டு எண்ணுகிறவன்போல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நாலு வருஷமா நான் யாரோடடா குடிச்சேன்?" என்று கேட்டான்.

அவன் அம்மா உள்ளே வந்து, கஞ்சி ஆறிப்போகுது மகன் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் எடுத்து நேரே இங்கே வந்தேன்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டபோது ஓரிடத்தில் பிழை கண்டேன். சம்பவத்தைச் சுருக்கி எழுதிய இடத்தில், "அகில தென்னகோன் தன் நண்பர்களுடன் சேர்ந்து மதுபானம் அருந்தினார்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டும்படி கேட்டேன். வேறு என்ன எழுதுவது என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டார்கள். "அகில தென்னகோன் தன் நண்பர்கள் நடுவில் இருந்து, தனியாக மதுபானம் அருந்தினார்" என்று திருத்தி எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் என் சுருக்கொப்பம் உண்டு. மற்றவை யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் அறிய உண்மை என்று ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கொ. ஆ. பியுமால் கொடிகார